எதிரணிக்கு ஒரு கைத்துண்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

விளையாட்டுப் போட்டி என்றால் பரிசும் உண்டு. வென்றவர்க்குக் கோப்பை, இரண்டாமவர்க்குக் கேடயம், மற்றவர்க்கு ஆறுதல் பரிசு. இவையெல்லாம் போட்டியை நடத்துபவர்கள் ஆடியவர்களுக்குத் தருபவை. ஆட வந்த இரு அணியினரும் தமக்குள் தாமே ஒரு சிறு பொருளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் உலகின் பல பகுதிகளில் உண்டு. அணியின் பெயர் பொறித்த முக்கோணக் கொடி, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை, எழுதுகோல், தம் ஊர்ப் பண்டம் என ஏதேனும் ஒன்று. விலை சில ரூபாய்தான். நம் பகுதிப் பள்ளி, கல்லூரி ஆடுகளங்களில் நான் இதை அதிகம் கண்டதில்லை.

இவ்வழக்கம் எத்தகையது, அதனால் விளையும் பயன் என்ன, பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலுமாக வாழும் நம் மாவட்டத்து மாணவர்க்கு அது ஏற்குமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இது பற்றி நூல்களில் படித்தது கொஞ்சம். ஒன்பதாம் வகுப்பில் என் கையில் வைக்கப்பட்ட ஒரு கைத்துண்டு கற்பித்ததே அதிகம். ஆகவே துண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈரோட்டில் இரண்டு நாள்

2019 நவம்பரில், ஈரோட்டில் நடந்த பள்ளி மாணவியர் கபடிப் போட்டிக்கு எங்கள் அணி சென்றது. நாங்கள் பன்னிரண்டு பேர். உடன் எங்கள் பி.டி. டீச்சர். விருதுநகர் சந்திப்பில் ரயில் ஏறுமுன்பே ஒரு சிறு கலகம். எங்களுள் ஒருத்தி, "சிவகாசிப் பிள்ளைக வெறுங்கையோடயா போறது?" என்று தீபாவளிக்கு மிஞ்சிய இரண்டு பெட்டி கம்பி மத்தாப்பைப் பையில் வைத்திருந்தாள். டீச்சர் அதைக் கண்டு நடைமேடையிலேயே பையைக் கவிழ்த்துவிட்டார். பட்டாசை ரயிலில் கொண்டு செல்வது 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164 ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மத்தாப்பு, வழியனுப்ப வந்த அவள் அப்பாவோடு ஊர் திரும்பியது. நாடு முழுவதற்கும் தீபாவளி ஒளியை அனுப்பி வைக்கும் ஊர்ப் பிள்ளைகள் வெறுங்கையோடுதான் ரயில் ஏறினோம்.

மறுநாள் காலை முதல் ஆட்டம். எதிரணி சென்னிமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்று. நடுவர் விசில் ஊதுமுன் இரு அணியினரும் நடுக்கோட்டின் இருபுறமும் வரிசையாக நின்றோம். கைகுலுக்குவதற்காக நாங்கள் கை நீட்டியபோது, அவர்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு கைத்துண்டை எங்கள் கையில் வைத்தார்கள். மடித்த வெள்ளைத் துண்டு. ஓரத்தில் பச்சைக் கரை. "எங்கூருத் தறியில நெய்ததுங்க" என்றாள் அவர்கள் அணித்தலைவி. என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம்.

ஆட்டம் தொடங்கியபின் அந்தக் கனிவு எதுவும் அவர்கள் பிடியில் தெரியவில்லை. துண்டைக் கொடுத்த அதே கைதான், நான் பாடிச் சென்றபோது என் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தது. பதினொரு புள்ளி வேறுபாட்டில் தோற்றோம்.

அன்றிரவு நாங்கள் தங்கியிருந்த வகுப்பறையில் அந்தத் துண்டுகளைப் பற்றியே பேச்சு. "தோக்கடிக்கப் போறோம்னு தெரிஞ்சுதான் கண்ணைத் தொடைச்சுக்கக் குடுத்திருக்காளுக" என்றாள் ஒருத்தி. "நாம என்னத்தத் திருப்பிக் குடுக்கிறது? கடனா நிக்குமே" என்றாள் இன்னொருத்தி. நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் மனத்தில் ஓடியது அவற்றைவிட மோசமானது. எங்கள் சீருடை, மூத்த மாணவியர் இரண்டாண்டு அணிந்து கழித்தது. என் காலில் இருந்த ஷூ எனக்கு அளவில் பெரியது. இவற்றையெல்லாம் பார்த்து இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்களோ என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

அந்தக் குமைச்சலுக்குக் காரணம் இருந்தது. என் அம்மா பயராபீஸில் வேலை செய்பவர். சரவெடி பின்னுவதில் கைதேர்ந்தவர். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சரவெடிக்கும் பேரியம் உப்புக் கலந்த பட்டாசுக்கும் தடை விதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மீண்டும் திறந்தபோது அம்மா காகிதக் குழல் உருட்டும் வேலைக்குப் போனார், கூலி குறைந்தது. ரயில் கட்டணத்தைப் பள்ளியே கொடுத்ததால்தான் நான் ஈரோடு வர முடிந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் எதைக் கொடுத்தாலும் முதலில் சுருக்கென்றுதான் இருக்கும்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் சொன்னார்: "இது மொய் இல்லம்மா, நோட்டுல எழுதி வச்சுத் திருப்புறதுக்கு. பிச்சையும் இல்ல, கூனிக் குறுகி வாங்குறதுக்கு. அவங்க யாருன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க யாருன்னு நீங்க சொன்னீங்களா?"

அக்கேள்விக்கு விடை எங்கள் புத்தகப் பையிலேயே இருந்தது. தேர்வு நெருங்கிவிட்டதால் பாடப்புத்தகங்களையும் கொண்டுவந்திருந்தோம். எங்கள் தெருப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடக் கடையில் தாள் வாங்குவதில்லை. அச்சாபீஸில் கழித்துப் போட்ட தாளையே போடுவோம். வண்ணம் விலகி அச்சான தீப்பெட்டி லேபிள்கள், காலண்டர்ப் படங்கள், பட்டாசுப் பெட்டிச் சித்திரங்கள் எல்லாம் எங்கள் கணக்கு நோட்டின் மேலேயே இருந்தன. அவற்றுள் பழுதில்லாத பன்னிரண்டு லேபிள்களைக் கத்தரித்தோம். மயில், குத்துவிளக்கு, கப்பல், மான். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, இரவுச் சாப்பாட்டில் எடுத்து வைத்த சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். பின்புறத்தில் ஒவ்வொருத்தியும் தன் பெயர், ஊர், வீட்டார் செய்யும் வேலை, வீட்டுக் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதினாள்.

மறுநாள் காலை அவர்கள் ஆட்டத்துக்கு முன் அவற்றைக் கொடுத்தோம். அணித்தலைவி என் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஏம்புள்ள, உங்கம்மா பட்டாசா செய்யறாங்க? எங்கம்மா தறிக்குத் தார் சுத்தறாங்க" என்றாள். அரைமணி நேரம் தறியும் பட்டாசும் பேசினோம். தறிச் சத்தம் நின்றால்தான் தனக்குத் தூக்கம் கலையும் என்று அவள் சொன்னாள். மழை பெய்தால் பயராபீஸ் வேலை நின்று அன்றைய கூலி போய்விடும் என்று நான் சொன்னேன். அந்தப் போட்டியில் எங்களுக்கு வேறு ஆட்டம் இல்லை. அவர்களுக்காகக் கை தட்டிவிட்டு ஊர் திரும்பினோம்.

உலகக் களங்களில்

கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் விளையாட்டு வரலாற்றைப் புரட்டியபோது, எங்களைப் போலவே வெறுங்கையோடு திகைத்த ஒருவரை அங்கே கண்டேன்.

1971 இல் ஜப்பானின் நகோயா நகரில் உலக மேசைப்பந்துப் போட்டி நடந்தது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அப்போது தூதரக உறவே இல்லை. ஏப்ரல் 4 அன்று அமெரிக்க ஆட்டக்காரர் கிளென் கோவன், தம் அணியின் பேருந்தைத் தவறவிட்டுச் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். சிறிது நேரம் ஒருவரும் அவரோடு பேசவில்லை. பின்னர், மூன்று முறை உலக வெற்றி வீரராக இருந்த சுவாங் ஸெடோங் எழுந்து வந்து, பட்டில் நெய்த ஹுவாங்ஷான் மலைக் காட்சி ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பதிலுக்குக் கொடுக்க எண்ணிக் கோவன் தம் பையைத் துழாவினார். கிடைத்தது ஒரு சீப்புதான். அதை எப்படிக் கொடுப்பது என்று கூசினார். மறுநாள், அமைதிச் சின்னம் பொறித்த சட்டை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து சுவாங்குக்குக் கொடுத்தார். அம்மாதம் 10 ஆம் நாள் அமெரிக்க மேசைப்பந்து அணி சீனாவுக்குள் நுழைந்தது. 1972 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனே சீனா சென்றார். இவ்வளவும் ஒரு பட்டுத் துணியால் நடந்தது என்று கூறுவது மிகையாகும்; இரு அரசுகளும் உள்ளுக்குள் நெருங்க விரும்பிய காலம் அது. எனினும், அந்த விருப்பத்தை வெளிக்காட்ட இரண்டு ஆட்டக்காரர்களின் சிறு பரிசுகள் வழி செய்தன என்பதில் ஐயமில்லை.

கால்பந்தில் ஆட்டம் முடிந்தபின் சட்டைகளை மாற்றிக்கொள்வர். 1931 மே 14 அன்று பாரிஸ் அருகே கொலோம்ப் அரங்கில் பிரான்ஸ் 5-2 என்ற கணக்கில் இங்கிலாந்தை வென்றபோது, பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் அந்நாளின் நினைவாக ஆங்கிலேயர் சட்டைகளைக் கேட்டு வாங்கினர். நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களில் சட்டை மாற்றியதற்கு முதற்சான்றாக இதையே கூறுவர். 1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், ஆட்டம் முடிந்ததும் பிரேசிலின் பெலேயும் இங்கிலாந்தின் பாபி மூரும் சட்டை மாற்றிக்கொண்ட படம் உலகப் புகழ் பெற்றது. இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1966 இல் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த கசப்பான ஆட்டத்தின் முடிவில், ஆங்கில வீரர் ஜார்ஜ் கோஹன் சட்டை மாற்ற முனைந்தபோது, பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்ஸி ஓடிவந்து அதைப் பிடித்து இழுத்துத் தடுத்தார். ஒரு துணியைக் கொடுப்பதும் மறுப்பதும் எவ்வளவு பேசும் என்பதற்கு இவ்விரு படங்களும் போதும்.

இளையோர் களங்களில் இவ்வழக்கம் இன்னும் செழிப்பானது. ஐரோப்பாவில் சிறுவர் கால்பந்து அணிகள் ஆட்டத்துக்கு முன் முக்கோணக் கொடிகளை மாற்றிக்கொள்கின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1975 முதல் நடைபெற்றுவரும் கோத்தியா கோப்பை இளையோர் போட்டிக்குப் பல நாட்டு அணிகள் வருகின்றன. அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டில் ஆண்டுதோறும் நடக்கும் சிறுவர் பேஸ்பால் தொடரில், வில்லைகளை மாற்றிக்கொள்வது ஆட்டத்துக்கு அடுத்த பெரிய கொண்டாட்டம். ஒலிம்பிக் வில்லைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1896 இல் ஏதென்ஸில், ஆடுபவர் யார், நடுவர் யார் என்று அடையாளம் காட்டக் குத்திய அட்டை வில்லையே பிற்காலத்தில் நட்புக்காக மாற்றும் பொருளாக வளர்ந்தது. அடையாளம் காட்டுவதில் தொடங்கி நட்பில் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஈகையா, மொய்யா?

இனி, அந்த இரவில் எங்கள் மனத்தை அலைக்கழித்த கேள்விக்கு வருவோம். எதிரணி தரும் பொருள் எவ்வகையைச் சேர்ந்தது?

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே கொடுப்பதை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். இல்லாதவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை. மற்றக் கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பை போன்றவை என்பது அவர் கருத்து. குறியெதிர்ப்பை என்பது அண்டை வீட்டில் அளந்து வாங்கிய அரிசியை அதே அளவில் திருப்பிக் கொடுப்பது. நம் பக்கத்து மொய்யும் இவ்வகையே. திருமண வீட்டில் எழுதும் மொய் நோட்டு, பின்னொரு நாள் நம் வீட்டு விசேஷத்தில் கணக்குப் பார்க்கப்படும். போட்ட தொகையைவிடக் கொஞ்சமேனும் கூட்டித் திருப்புவதே மரியாதை. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் இதற்கென்றே மொய் விருந்து நடத்துகிறார்கள். மொய் இழிவானதன்று, வங்கிக் கடன் எட்டாத குடும்பங்களை அது தாங்கியிருக்கிறது. ஆயினும் அது கணக்குத்தான்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளிவந்த தம் ஆய்வில், பழங்குடிகளின் கொடைக்குள் மூன்று கடமைகள் ஒளிந்திருப்பதாகக் காட்டினார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும். அவருக்கு மூன்றாண்டு முன் மாலினோவ்ஸ்கி, பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவினர் சிப்பி மாலைகளையும் கைவளைகளையும் தீவு தீவாகப் படகில் கொண்டுபோய் மாற்றிக்கொள்வதை விவரித்தார். அத்தீவுகளில் பாதிரியார்கள் கற்பித்த கிரிக்கெட் ஆட்டமும் பிற்காலத்தில் இதே சாயலைப் பெற்றது. அழைத்த ஊரே வெல்லும். ஆட்டம் முடிந்ததும் உணவுப் பொருள்களைப் பரிமாறிக்கொள்வர்.

ஆனால் மொய்யின் தர்க்கத்தை ஆடுகளத்தில் நுழைத்தால் என்ன ஆகும்? ஹோமரின் இலியத் காவியத்தில் ஒரு காட்சி உண்டு. போர்க்களத்தில் எதிரெதிரே சந்தித்த டயோமிடிசும் கிளாக்கசும், தம் பாட்டனார்கள் விருந்து நட்புக் கொண்டவர்கள் என்பதை அறிந்து போரை நிறுத்திக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். கிளாக்கஸ் கொடுத்தது நூறு காளை பெறுமானமுள்ள பொற்கவசம். பெற்றது ஒன்பது காளை பெறுமானமுள்ள வெண்கலக் கவசம். கிளாக்கஸின் அறிவை யாரோ மயக்கிவிட்டார்கள் என்று கவிஞரே நகைக்கிறார். விலை பெரிதாகும்போது கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. பரிசு சிறியதாயிருந்தால் யாரும் தராசு தூக்கமாட்டார்கள். ஒரு கைத்துண்டுக்கு ஒரு தீப்பெட்டி லேபிள் ஈடாகுமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அன்றிரவு நான் துண்டை ஈகை என்று எண்ணிக் குமைந்தேன். என் தோழி அதைக் குறியெதிர்ப்பை என்று எண்ணிக் கவலைப்பட்டாள். இருவரும் தவறினோம். இரக்கப்பட்டுக் கொடுத்தவர்கள் அடுத்த நிமிடமே அவ்வளவு உறுதியாகக் கணுக்காலைப் பிடித்திருக்கமாட்டார்கள். திருப்பி எதிர்பார்த்துக் கொடுத்தவர்கள், எங்களிடம் ஒன்றுமில்லை என்று கண்டபோது முகம் சுளித்திருப்பார்கள். அது மூன்றாவது வகைக் கொடை. "நான் இன்னார், என் ஊர் இது, எங்கள் வீட்டில் செய்யும் வேலை இது" என்று சமமானவர் சமமானவருக்குச் சொல்லும் அறிமுகம்.

வேதியியல் மாணவி என்ற முறையில் எனக்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. அயனிப் பிணைப்பில் சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. குளோரின் அதைப் பெறுகிறது. ஒன்று கொடுப்பது, மற்றது வாங்குவது. சகப்பிணைப்பிலோ இரு அணுக்களும் ஆளுக்கோர் எலக்ட்ரான் இடுகின்றன. அந்த இணை இரண்டுக்கும் பொதுவாகிறது. சின்னஞ்சிறு ஹைட்ரஜன் அணுவும் அதில் குறைவாக இட்டதாகாது.

நம் மொழியும் இதை அறியும். எதிரி என்ற சொல்லும் எதிர்கொள்ளுதல் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கிறோம். எதிரே நிற்பவர் எல்லாரும் பகைவர் அல்லர். எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆனால், பொங்கல் விழாக்களில் நடக்கும் ஊர்க் கபடியில், எதிரே நிற்பவனின் பெயரைக்கூட அறியாமல் அவன் ஊரை மட்டும் சொல்லித் திட்டுவதையும், அது கைகலப்பில் முடிவதையும் நானே ஒருமுறை கண்டிருக்கிறேன். பெயர் தெரியாத இடத்தில்தான் பகை எளிதாக முளைக்கிறது.

பிப்ரவரி 12

அறிமுகம் மட்டும்தானா, அதனால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. நண்பகலுக்குப் பின் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். என் அம்மா வேலை செய்தது அந்த ஆலையில் அன்று. ஆனால் அதே வட்டாரத்தில்தான். அவரிடம் கைப்பேசி கிடையாது. நான் பள்ளியிலிருந்து வந்தபோது வேன் இன்னும் வரவில்லை. தெருவே வாசலில் நின்றது. இப்படி நிற்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆனாலும் அது ஒருநாளும் பழகுவதில்லை.

வீட்டிலிருந்த கைப்பேசி ஒலித்தது, அறியாத எண். எடுத்தால், ஈரோட்டில் துண்டு கொடுத்த அதே குரல். "உங்கம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் வைக்கவில்லை. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் வைக்கவில்லை. இரவு ஏழரை மணிக்கு வேன் வந்தது. அம்மா இறங்கினார். மீண்டும் அழைத்துச் சொன்னேன். அப்போது அவள் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "சிவகாசி, சாத்தூருன்னு டிவியில எத்தனையோ தடவ போட்டிருக்காங்க. நான் எந்திரிச்சுப் போயிருவன். இன்னைக்கு முடியல. அந்த அட்டையத் தேடி எடுத்தேன்."

எங்கள் பன்னிரண்டு பேருள் மூவர் வீட்டுக்கு அன்று சென்னிமலையிலிருந்து அழைப்பு வந்தது என்று பிறகு அறிந்தேன். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்குச் சிவகாசி விபத்து என்பது செய்தித்தாளில் ஓர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள் என்பதை ஒரு வீட்டுக்கேனும் உணர்த்தியது, கழிவுத்தாளில் வெட்டிய ஒரு லேபிள். இது ஒருவழிப் பாதையும் அன்று. கைத்தறிக்கு நூல் விலை ஏறியது, தறிகள் நின்றன என்று செய்தி வந்தால் இப்போது நானும் எழுந்து போவதில்லை.

நமக்கு ஏற்ற முறை

நம் கல்லூரி அணிகள் ஆண்டுதோறும் பல ஊர்களுக்குச் செல்கின்றன; பல ஊர் அணிகள் இங்கு வருகின்றன. இவ்வழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்குச் சில நெறிகள் வேண்டும்.

முதலாவது, பரிசு சிறியதாக இருக்க வேண்டும். அதற்காக மாணவரிடம் பணம் திரட்டுதல் கூடாது. பணம் திரட்டினால், கொடுக்க இயலாத மாணவன் அணியிலேயே தலைகுனிவான். அது நாம் நாடும் பயனுக்கே நேர்மாறு.

இரண்டாவது, அது நம் ஊர்ப் பொருளாக இருக்க வேண்டும். 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மறு ஆண்டு சிவகாசியில் அத்தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வளர்ந்தது. தீக்குச்சி மருந்தை அடுத்துப் பட்டாசு வந்தது. ஆக, ஒரு லேபிளில் நம் ஊரின் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சாவிக்கொத்தில் யாருடைய வரலாறும் இல்லை. தின்பண்டம் கொடுக்க விரும்பினால் சாத்தூர்ச் சேவு பயணம் தாங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் வெயிலில் அதைத் தூக்கிச் செல்பவர் பாடு திண்டாட்டம். பட்டாசும் தீப்பெட்டியும் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அதற்கான காரணத்தை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

மூன்றாவது, அணித்தலைவர் மட்டும் கொடுப்பது போதாது. ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டும். ஓரத்தில் அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரரையும் விடலாகாது. பின்புறத்தில் பெயரும் ஊரும் கையெழுத்தில் இருத்தல் நன்று.

நான்காவது, ஆட்டத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் வென்றவர் கொடுப்பது பெருமிதமாகவும், தோற்றவர் கொடுப்பது பணிவாகவும் தோன்றிவிடும். முன்னால் யாரும் வெல்லவுமில்லை, தோற்கவுமில்லை.

இவ்வாறெல்லாம் செய்தால் ஆட்டத்தில் வேகம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். என் கணுக்கால் அதற்கு மறுமொழி சொல்லும். எதிரணி ஏதும் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று வேறு சிலர் கேட்கலாம். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அன்று காலை கையில் ஒன்றுமில்லாமல் தலையை மட்டும் ஆட்டி நின்ற அணி எங்களுடையது. எங்களுக்குக் கொடுத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நாமும் பொருட்படுத்தாமல் இருப்போம்.

அந்தக் கைத்துண்டு இன்றும் என் பையில் உண்டு. பச்சைக் கரை வெளுத்துவிட்டது. நடுவில் ஒரு கிழிசலும் விழுந்துவிட்டது. ஆய்வகம் முடிந்து கை கழுவித் துடைக்கும்போது, "ஏன் இந்தப் பழந்துண்டை வச்சிருக்கே?" என்று தோழியர் கேட்பதுண்டு. அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதினேன். அடுத்த முறை நம் அணி ரயில் ஏறும்போது, ஆளுக்கொரு லேபிள் அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். கத்தரித்து ஒட்டித் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.